முனையில்லாத கம்பி

தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆன்டெனா என்றதும் மீன்முள் வடிவந்தான் நினைவுக்கு வரும். நடுவே ஒரு தண்டு. குறுக்கே வரிசையாக அலுமினியக் குழாய்கள். எங்கள் கடலோர ஊர்களில் அந்த மீன்முள் பெரும்பாலும் சென்னையைப் பார்த்து நின்றதில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு அது கடலைப் பார்த்தே நின்றது. நாற்பதடி இரும்புக் குழாயின் உச்சியில் அதைக் கட்டி, வாசலில் நின்று ஒருவர் குழாயைத் திருகுவார், உள்ளேயிருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியுது... போயிருச்சு" என்று குரல் கொடுப்பார். அலைக்குத் திசை உண்டு என்பதை எங்கள் தலைமுறை இயற்பியல் வகுப்பில் கற்கவில்லை, இந்தக் கூவலில்தான் கற்றது.

அந்த மீன்முள்ளுக்கு யாகி என்று பெயர். 1926இல் ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பாடுபட்டுச் சோதனைகளைச் செய்தவர் ஷின்டாரோ உடா. உலகம் நினைவில் வைத்திருப்பதோ அவருக்கு மூத்தவரான பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியின் பெயரை. கல்லூரியில் பணிபுரிகிறவர்கள் என்ற முறையில் இதற்குமேல் நாங்கள் எதுவும் சொல்வதற்கில்லை.

எங்கள் மொட்டைமாடியில் இப்போது இருப்பது யாகி அன்று. அது ஒரு சதுரம். அதற்குப் பின்னால் சற்றே பெரிய இன்னொரு சதுரம். பார்ப்பவர்கள் காற்றாடிச் சட்டம் என்கிறார்கள், கொசுவலைச் சட்டம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் க்யூபிகல் குவாட். ஹாம் வானொலிக்காரர்கள் சுருக்கமாகக் குவாட் என்பார்கள். யாகியின் கம்பிகள் எல்லாம் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகின்றன. குவாடின் கம்பி தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருகிறது. அதற்கு நுனி கிடையாது.

நாங்கள் என்று எழுதும்போது அது இருவரைக் குறிக்கும். ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே கல்லூரியில் பாடம் நடத்துகிறோம். ஒருவர் தமிழ் முதுகலை, மற்றவர் இயற்பியல். இக்கட்டுரையில் சந்திப்பிழை இருந்தால் முன்னவரையும் கணக்குப்பிழை இருந்தால் பின்னவரையும் கேட்கலாம். ஈயப்பற்று வைப்பது மட்டும் எங்கள் வீட்டில் தமிழ்த்துறையின் பொறுப்பு. இயற்பியலுக்குக் கை நடுங்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம். அம்மா இருப்பது வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். இங்கே அம்மா என்றே எழுதுகிறோம். புயல் அடித்த இரவில் பத்தரை மணிவரை அம்மாவுடன் பேசினோம். பிறகு நான்கு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரலும் இல்லை. மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரி தீரும்வரை உயிரோடிருந்து பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. சில கோபுரங்கள் சாய்ந்தே போயின. தென்னையும் புளியும் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. அங்கிருந்து நடந்து வந்தவர்கள் சொன்ன செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஐந்தாம் நாள், மரங்களை அறுத்து வழி ஏற்படுத்திய இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சமையற்கட்டில் மிஞ்சியிருந்த நாலு ஓட்டுக்குக் கீழே அம்மா நனைந்த அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டீங்களா" என்றுதான் முதலில் கேட்டார்.

அம்மாவை எங்களுடன் வந்துவிடச் சொன்னோம். வரமாட்டேன் என்றார். வீடு, இரண்டு பசு, தாத்தா வைத்த மாமரம் (அது விழவில்லை). பேரன், அதாவது எங்கள் அண்ணன் மகன், அவருடன் இருந்தான். அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்தை எந்தக் கோபுரமும் இல்லாமல், எவருடைய தயவும் இல்லாமல் ஒரு குரல் தாண்டுமா என்ற கேள்வியோடுதான் நாங்கள் ஹாம் வானொலிக்குள் வந்தோம். பொழுதுபோக்கு என்று தொடங்கியவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம்.

உரிமம் பெறுவதன் கதையை விரிக்கப் போவதில்லை. ஒரு தேர்வு உண்டு. மின்னியல் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்பார்கள். தேறியபின் காத்திருக்க வேண்டும். 2020இன் நடுவில் எங்கள் இருவருக்கும் அண்ணன் மகனுக்கும் அழைப்புக்குறிகள் கையில் இருந்தன. ஆளுக்கொரு 5 வாட் கைக்கருவி வாங்கினோம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசையில் இயங்குவது. ரப்பர்க் குச்சி போன்ற ஆன்டெனாவுடன் வரும். மாடியில் நின்று அழைத்தோம். சீறல்தான் கேட்டது.

சீறலுக்குக் காரணம் பூமி உருண்டை என்பதுதான். இந்த அலைவரிசை ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்வது. இரு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால், அலை சென்றெட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். எங்கள் மாடியும் குழாயும் சேர்த்து 12 மீட்டர். அம்மா வீட்டில் அதிகபட்சம் 9 மீட்டர் உயரத்துக்குச் சவுக்குக்கம்பம் நடலாம். விடை 26.6. எங்களுக்கு வேண்டியதோ 30க்கு மேல். தொடுவானத்துக்கு அப்பாலும் அலை சற்று வளைந்து கசிந்து செல்லும். ஆனால் மிக மெலிந்துவிடும். மெலிந்ததைக் கேட்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஆன்டெனா நன்றாக இருக்க வேண்டும். கருவியின் வாட்டைக் கூட்டிப் பயனில்லை. புயல் நாளில் அதற்கு ஊட்டப் பேட்டரி எங்கே?

அப்போதுதான் இயற்பியல் குவாட் என்ற பெயரைக் கொண்டுவந்து வைத்தது. அதன் பிறப்புக் கதையைக் கேட்டபின் தமிழ்த்துறைக்கு வேறு எந்த ஆன்டெனாவும் பிடிக்காமல் போயிற்று.

கதை நடந்தது தென்னமெரிக்காவின் ஈக்வடாரில். தலைநகர் கீட்டோ ஆண்டிஸ் மலைமேல் ஏறத்தாழ 2850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1931 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே எச்.சி.ஜே.பி. என்ற கிறித்தவச் சமயப்பணி வானொலி தொடங்கியது. பின்னாளில் 10 கிலோவாட் ஒலிபரப்பி ஒன்றை நிறுவி, யாகி வகைப் பெரிய ஆன்டெனாவையும் ஏற்றினார்கள். இரவில் அதன் குழாய் நுனிகள் எரிந்தன. உருவகமாகச் சொல்லவில்லை, மெய்யாகவே நுனிகளில் ஒளிப்பூ மலர்ந்து, அலுமினியம் உருகிச் சொட்டியது. திறந்த முனையுள்ள கம்பியில் மின்னழுத்தம் உச்சத்தை அடைவது முனையில்தான். கீட்டோவின் காற்றோ மெல்லியது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் முக்காலுக்கும் சற்றுக் குறைவு. மெல்லிய காற்றில் மின்சாரம் எளிதில் கசியும். அங்கே ஒளிர்வாகக் கசிந்து அது முனையையே தின்றது.

அங்குப் பொறியாளராக இருந்தவர் கிளாரன்ஸ் மூர் என்ற அமெரிக்கர். 1942 கோடையில் அவரும் மனைவியும் பொறியியல் நூல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கடற்கரையில் இருந்த பொசோர்ஹா என்ற மீனவ ஊருக்குச் சில நாள் ஓய்வுக்குப் போனார்கள். அங்கே ஒரு மூங்கில் குடிலின் தரையில் நூல்களை எல்லாம் விரித்துவைத்து யோசித்தார்கள் என்று மூர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மடக்கிய இருமுனைக் கம்பி ஒன்று உண்டு. இரு கம்பிகள் நெருக்கமாக ஓடி இரு கடைசியிலும் இணைந்திருக்கும். அதை நடுவில் பிடித்து இழுத்து அகலத் திறந்தால் என்ன ஆகும்? சதுரம் ஆகும். சுற்றளவு ஓர் அலைநீளம். முனை இல்லை. மின்னழுத்தத்தின் உச்சம் ஒரு கூரிய நுனியில் குவியாமல் பக்கங்களின் நடுவில் தணிந்து பரவும். கீட்டோவுக்குத் திரும்பி அவ்வாறே கட்டி ஏற்றினார்கள். எரிவது நின்றது. 1951இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

முனை எரிவதைத் தடுக்கப் பிறந்த இந்தச் சதுரத்துக்கு வேறொரு நல்ல குணமும் இருந்தது பிறகு தெரிந்தது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் கால் அலைநீள இடைவெளியில் நிற்கும் இரு ஆன்டெனாக்களைப் போல இணைந்து வேலை செய்வதால், ஒற்றைச் சதுரமே சாதாரண இருமுனைக் கம்பியைவிடச் சற்று வலுவாகப் பேசும். பின்னால் பிரதிபலிக்கும் சதுரம் ஒன்றை நிறுத்தினால் ஆதாயம் ஏறத்தாழ 5 டெசிபல். அதாவது மூன்று மடங்கு. இரண்டு பக்கமும் குவாட் வைத்தால் பத்து மடங்கு. 5 வாட் கருவி 50 வாட்டுக்கு நிகராகப் பேசும், பேட்டரி அதே சின்னப் பேட்டரி. குவாட் யாகியைவிட இரைச்சலைக் குறைவாக வாங்கும், மங்கிய வேளையிலும் முதலில் கேட்கும் என்றெல்லாம் ஹாம்களிடையே பழம்பேச்சு உண்டு. அதில் பாதி பாசம் என்பது எங்கள் கருத்து. சொந்தக் கையால் கட்டிய எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

சொந்தக் கையால் என்பதுதான் முக்கியம். யாகிக்கு நேரான அலுமினியக் குழாய் வேண்டும். எங்கள் ஊரில் அது கிடைப்பது அரிது. குவாடுக்கு வேண்டியது கம்பி, அதை விரித்துப் பிடிக்கக் குச்சி, ஓர் அளவு நாடா.

கணக்கு எளியது. 306.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் சதுரத்தின் சுற்றளவு மீட்டரில் வரும். 145க்கு 211 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 53க்குச் சற்றுக் குறைவு. பின்னால் நிற்கும் சதுரம் சற்றே பெரிது, 216.5, பக்கத்துக்கு 54. இரண்டுக்கும் இடைவெளி 35 சென்டிமீட்டர் வைத்தோம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் இரண்டு மில்லிமீட்டர் எனாமல் செப்புக்கம்பி எடையில் தருவார்கள். "எந்த மோட்டாருக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டார். மோட்டாருக்கில்லை என்றதும் எடைக்கல்லை வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். வீட்டு வயரிங்குக்கான பிளாஸ்டிக் குழாயில் சிலுவைச் சட்டம், நடுத்தண்டு. கம்பியைத் துணியால் பிடித்து இழுத்து நிமிர்த்தி, குறித்த இடங்களில் மடக்கி, முன் சதுரத்தின் ஒரு பக்க நடுவில் சிறு இடைவெளி விட்டு, எனாமலைச் சுரண்டி, அங்கே கேபிளைப் பற்றவைத்தோம்.

எந்தப் பக்கத்தின் நடுவில் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. கீழ்ப்பக்கத்தில் கேபிளைக் கொடுத்தால் அலை கிடைமட்டமாக அதிரும். நிற்கும் பக்கத்தில் கொடுத்தால் செங்குத்தாக. கைக்கருவிகள் எல்லாம் செங்குத்து. ஆகவே நிற்கும் பக்கத்தில் கொடுத்தோம். சதுரம் ஒன்றேதான், எங்கே தொடுகிறோம் என்பதில் அதன் இயல்பு மாறிவிடுகிறது. எங்களில் ஒருவர் இதைப் பல நாள் வியந்துகொண்டிருந்தார். மற்றவர், மின்னோட்டம் எங்கே உச்சம் என்று படம் வரைந்து காட்டி வியப்பைக் கெடுத்தார்.

மின்பொருத்தம் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தனிச் சதுரத்தின் மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 110, 120 ஓம். பின்சதுரம் நெருங்க நெருங்க அது இறங்கிவரும். கருவி கேட்பது 50. நிலையலை விகிதம் காட்டும் கருவியை இடையில் செருகி, பின்சதுரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, முள் இறங்கும் இடத்தில் இறுக்கினோம். ஒரு மாலை முழுவதும் ஆனது. கருக்கலில் பக்கத்து மாடியில் துணியெடுக்க வந்தவர், இரண்டு பேராசிரியர்கள் ஒரு ஜன்னலின் முன்னால் குந்தி அதை ஒரு விரற்கடை அங்கும் இங்கும் தள்ளுவதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

இதுபோல் இரண்டு கட்டினோம். ஒன்று மாடியில் தென்கிழக்கு நோக்கி. மற்றதைப் பேருந்தின் கடைசி இருக்கையில் மடியில் வைத்து எடுத்துப்போனோம். அண்ணன் மகன் சவுக்குக்கம்பத்தில் அதைக் கட்டி நிறுத்தியதும் அம்மா அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சன்னல மட்டும் கொண்டாந்து மாட்டிட்டீங்க. வூடு எங்கடா தம்பி?"

2020 அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழைத்தோம். சீறலின் உள்ளேயிருந்து, தண்ணீருக்கடியில் இருந்து ஒருவர் எழுந்து வருவதுபோல, அவன் குரல் வந்தது. எங்கள் அழைப்புக்குறியைச் சொன்னான்; தன் குறியைச் சொன்னான்; கேட்கும் அளவுக்கு மதிப்பெண் சொன்னான். பின்னணியில் பசு கத்தியது. அதன் பிறகு என்ன பேசுவதென்று இருபக்கமும் தெரியவில்லை. முப்பது கிலோமீட்டர் கைப்பேசியில் ஒன்றுமில்லைதான். ஆனால் நடுவில் யாருமே இல்லை என்ற உணர்வு கைப்பேசியில் வராது.

அம்மா பேசவில்லை. நாங்கள் தேர்வுக்குப் படித்த விதிநூலில், உரிமம் இல்லாதவர் சார்பில் செய்தி பரிமாறுவது பற்றிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. பேரிடர் நேரங்களுக்குத்தான் நெகிழ்வு. அம்மா கேட்கலாம், பேசுவது பேரன். "அப்பத்தா பக்கத்துல நிக்கிறாங்க, நல்லா இருக்காங்க" என்பான் அவன். அது சொந்த நலம் பற்றிய குறிப்புத்தானே, விதி மீறலில்லை என்று இயற்பியல் விளக்கம் சொல்லும். எங்கள் குரல் வந்தால் அம்மா தலையாட்டுவாராம். தலையாட்டுவதை எந்த அலைவரிசையிலும் அனுப்ப முடியாது என்று அவரிடம் சொன்னான், அதற்கும் தலையாட்டினாராம்.

அந்த நவம்பர் இறுதியில் நிவர் வந்தது, டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. இரண்டும் எங்கள் கரையை நேராகத் தாக்கவில்லை, மழைதான் கொட்டியது. நிவர் எச்சரிக்கை வந்ததும் நாங்கள் முதலில் செய்தது இரண்டு குவாடுகளையும் இறக்கி உள்ளே வைத்தது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். புயலுக்காகக் கட்டியதைப் புயல் வந்ததும் கழற்றுவதா? ஆம், கழற்றத்தான் வேண்டும். குவாடின் குறை அது: காற்றுக்கு நிறைய உடம்பைக் காட்டும். புயல் அடிக்கும் ஆறு மணி நேரம் யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது. எங்களைக் கொன்றது அதற்குப் பிந்திய நான்கு நாள்தான். காற்று ஓய்ந்த காலையில் விழாமல் உள்ளேயிருந்த ஒரு சதுரத்தை எடுத்து, மிஞ்சிய ஏதாவதொரு கம்பத்தில் கட்டினால் போதும். அதற்கு இருவருக்குப் பத்து நிமிடம் ஆகும், ஒத்திகை பார்த்திருக்கிறோம். இடி மின்னல் நாளில் கேபிளைக் கருவியிலிருந்து பிடுங்கி வெளியே போடுவதும், மின்வாரியக் கம்பி இருக்கும் பக்கம் கம்பத்தை ஏற்றவே ஏற்றாமலிருப்பதும் ஒத்திகையில் அடங்கும்.

நிற்க. இதற்குப் பின் வந்ததை ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். கதிரவன் பதினோராண்டுச் சுற்றில் மீண்டும் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த 2023இல், 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உலகெங்கும் திறந்துகொண்டது. அதற்கும் குவாட் வேண்டும் என்றோம். இப்போது சுற்றளவு 10.75 மீட்டர், பக்கம் 2.69. பிளாஸ்டிக் குழாய் இதைத் தாங்காது. மேலைநாட்டவர் கண்ணாடியிழைக் கம்பு வாங்குகிறார்கள். முற்காலத்தில் அவர்களும் மூங்கிலில்தான் கட்டினார்கள். எங்களுக்கு மூங்கில் எட்டுமைலில் இருந்தது.

மூங்கிலை வாங்கப் போய்த்தான் அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. பந்தல்காரர் ஒருவர் ஆசிரியரானார். இளமூங்கில் வளையும், மூன்றாண்டு முற்றியது வேண்டும். பெருமூங்கில் உள்ளே கூடு. எங்களுக்குக் கல்மூங்கில்தான் சரி, கிட்டத்தட்டக் கட்டியாக இருக்கும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்றார். அதை நாங்கள் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை, தேய்பிறையில் வெட்டினோம். வெட்டியதைக் குளத்தில் ஊறப்போட்டார். மூங்கிலின் மாச்சத்துத் தண்ணீரில் கரைந்து போனால் வண்டுக்கு உணவில்லை. இதில் இயற்பியலும் பந்தலும் உடன்பட்டன. எடுத்தபோது நாற்றம் சகிக்கவில்லை. நிழலில் உலர்த்தி, கணுவுக்குக் கணு நைலான் நரம்பால் கட்டு போட்டு, இரண்டு பூச்சு வார்னிஷ். ஆளுயரத்துக்கும் மேலான எட்டுக் கைகள். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பால் இரண்டு சிலுவை. கம்பியை மூங்கிலோடு பிணைக்கத் தூண்டில் நரம்பு. வேதாரண்யக் கடைத்தெருவில் எந்தத் தடிமனும் கிடைக்கும்.

ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மாணவர்கள் வந்தார்கள். இரண்டு சதுரங்களும் கோணிக்கொண்டு, ஓர் ஊதிய பூச்சியைப்போல மேலே ஏறின. அன்று மாலை ஜப்பான், மறுநாள் இத்தாலி. ஈக்வடார் இதுவரை எங்கள் சதுரத்தில் விழவில்லை. எங்கள் ஊரிலிருந்து கீட்டோ ஏறக்குறைய உலகின் மறுபக்கம், காத்திருக்கிறோம்.

மூங்கில் எங்கள் உப்புக்காற்றில் எத்தனை காலம் நிற்கும் என்று பந்தல்காரரைக் கேட்டோம். "மூணு மழை பாக்கும் சார். அப்புறம் மாத்திக்க வேண்டியதுதான். பந்தல்னா என்ன, நிரந்தரமா?" என்றார்.

மாற்ற வேண்டி வந்தது முதலில் மூங்கிலை அன்று. 2025 ஜூனில் அண்ணன் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, போகத்தான் வேண்டும், போனான். சவுக்குக்கம்பத்தின் உச்சியில் சதுரம் வடமேற்கைப் பார்த்து நிற்கிறது. கீழே உரிமத்தோடு பேச ஆளில்லை. ஆன்டெனா என்பது எப்போதும் பாதிதான் என்பதை ஐந்தாண்டுகளாக நாங்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. ஞாயிறு ஏழு மணிக்கு இந்தப் பக்கம் சீறல். அம்மா கருவியை இயக்கக் கற்றிருந்தார், கேட்பார். நாங்கள் பேசுவோம். பதில் வராது என்று தெரிந்து பேசுவது கடினம். அம்மா கேட்டுவிட்டுக் கைப்பேசியில் அழைத்து, "கேட்டுச்சு, வை" என்பார். அது எதற்காகவென்று அம்மாவிடம் நாங்கள் கேட்டதில்லை.

இப்போது எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி தேர்வுக்குப் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு. பேரன் கம்பம் ஏற்றிய நாளெல்லாம் கயிறு பிடித்தவள் அவள்தான். தேர்வு ஆங்கிலத்தில். பாடத்தை அவளுக்குத் தமிழில் எழுதிக்கொடுப்பது எங்கள் வீட்டுத் தமிழ்த்துறையின் வேலை. எழுத உட்கார்ந்தால் சொல்லுக்குச் சொல் தடுக்குகிறது. ஆன்டெனாவுக்கு அலைவாங்கி என்று ஒரு சொல் புழங்குகிறது. வாங்குவதற்குச் சரி, அனுப்பும்போது அது என்ன? ரிஃப்ளெக்டரை எதிரொளிப்பான் என்றால் அங்கே ஒளி இல்லை. மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள். நல்ல தமிழ் தெரிந்த பிள்ளைக்குத்தான் இதில் குழப்பம் கூடுதல்.

ஆன்டெனா என்ற சொல்லை நோண்டியபோது ஒன்று கிடைத்தது. இலத்தீனில் அது பாய்மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் கழியைக் குறித்த சொல்லாம். எங்கள் கரைக்கு அது புதிதன்று. நம் கடற்கரை மக்கள் அதைப் பருமல் என்பார்கள். காற்றை வாங்கி மரத்தைச் செலுத்தும் கழி. உயரத்தில் குறுக்கே கட்டப்பட்டது. சிறுமியின் அப்பா கடலுக்குப் போகிறவர். பருமல் என்று குறிப்பேட்டில் எழுதியதும் அவள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இது எங்கப்பா சொல்றதாச்சே" என்றாள். பின்சதுரத்துக்கு அவளே பெயர் வைத்தாள்: முதுகுவளையம். தேர்வில் இந்தச் சொல் எதற்கும் உதவாது என்று சொல்லியிருக்கிறோம். உதவாவிட்டாலும் அவளுக்கு முதுகுவளையத்தின் நீளம் மறப்பதில்லை.

தேர்வு நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. பெரிய குவாடில் இரண்டு மூங்கில்களில் விரிசல் விட்டிருக்கிறது. பந்தல்காரர் அடுத்த தேய்பிறையில் வரச் சொல்லியிருக்கிறார்.